கடைசி வரி வரை வாசிப்பார், வாசற்படியில் தட்டுவார்: பரம்பரை விழித்திரை நோயை எப்படி அளக்கிறார்கள்?

எங்கள் பெரியம்மா மகன் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்னாலேயே, 3, 4 மணிக்கு, நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டும். 18 வயதிலிருந்து அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு. 30 தாண்டிய பிறகு, வருஷக்கணக்காக நடந்து பழகிய அதே தோட்டத்தில் விழ ஆரம்பித்தார். கல்லில் தட்டுவார், தாழ்ந்த கிளையில் நெற்றியை இடிப்பார். மரத்தில் கட்டிய சிரட்டை முகத்துக்கு நேரே இருந்தால் சரியாகப் பிடிப்பார். ஒரு சாண் தள்ளியிருந்தால் தோளால் இடித்துப் பாலைக் கொட்டிவிடுவார். "ராத்திரி ஒறங்கலியா மக்கா?" என்று கூட வெட்டுகிறவர்கள் கேட்டார்கள். சிலர் குடி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அண்ணன் குடிக்கிற ஆள் இல்லை.

கண்ணைக் காட்டிப் பார்ப்போம் என்று ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார். இரண்டு கண்ணும் 6/6. "கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, போயிட்டு வாங்க" என்றார்கள். நிம்மதியோடு எழுந்து திரும்பிய அண்ணன், கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்காலை இடித்து விழப்போனார். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய நோயை அன்றைக்கு அந்த அறையில் காட்டிக்கொடுத்தது அந்த ஸ்டூல் மட்டும்தான். நோய்க்குப் பெயர் தெரிய மேலும் 2 வருஷம் ஆனது.

பெயர், ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. டாக்டர்கள் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வருகிற பரம்பரை விழித்திரை நோய் இது. இந்தப் பெயரை எழுதிக் கொடுத்து, ஓ.சி.டி., ஃபீல்டு, ஈ.ஆர்.ஜி. என்று வரிசையாகச் சீட்டும் கொடுத்து அனுப்பும்போது, எது எதற்கு என்று புரியாமல் வராந்தாவில் நிற்கிற வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 7 வருஷமாக அண்ணன் கூடவே போய், விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதலில் விழித்திரை. கண்ணின் பின்சுவரில் உட்புறமாக ஒட்டியிருக்கும் சவ்வு அது. கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான் வரும். வெளிச்சத்தை வாங்கி, மின்சைகையாக மாற்றி, மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. வெளிச்சத்தை வாங்குகிற செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். அவை நட்டநடுவில், மாக்குலா என்கிற இடத்தில், நெருக்கியடித்து இருக்கின்றன. எழுத்து வாசிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, நிறம் பிரிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. நடுவை விட்டு வெளியே சுற்றிலும் பரந்து கிடக்கின்றன. அந்தி வெளிச்சத்தில் வழி காட்டுவதும், ஓரத்தில் அசைவதைக் கண்டுகொள்வதும் அவற்றின் பொறுப்பு.

ஆர்.பி.யில் பெரும்பாலும் குச்சி செல்கள்தான் முதலில் சாகின்றன. அதனால் முதலில் வருவது மாலைக்கண். அதற்கப்புறம் பார்வையின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பகுதி கடைசி வரை தாக்குப்பிடிக்கும். எழுத்துப் பலகை அளப்பது அந்த நடுப்பகுதியை மட்டும்தான். அண்ணன் கடைசி வரி வரை வாசித்ததும் ஸ்டூலில் இடித்ததும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள்.

ஸ்டார்கார்ட் என்ற நோய் இதற்கு நேர் எதிர். நடுவில்தான் தொடங்கும், பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில். எனக்குத் தெரிந்த ஒரு பையன், சாயங்காலம் மைதானத்தில் பக்கவாட்டில் உருண்டு வருகிற பந்தை ஓடிப்போய் உதைப்பான். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து ஒரு வரி எழுத முடியாது. "விளையாட மட்டும் கண்ணு தெரியுமோ?" என்று வாத்தியார் காதைத் திருகியிருக்கிறார். உண்மையிலேயே விளையாட மட்டும்தான் அவனுக்குக் கண் தெரிந்தது. யாரிடமாவது பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பார்ப்பான். திமிர் என்று நினைத்தார்கள். நடுவில் மறைத்துக்கொண்டு நிற்கிற மங்கலைத் தள்ளிவிட்டு ஓரப்பார்வையால் ஆளைப் பிடிக்க அவனாகவே கண்டுபிடித்த வழி அது.

மாலைக்கண் என்றதும் நம் ஊரில் மீன் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடற்கரைப் பக்கம் சொந்தம் இருந்தால் சுறா ஈரல் எண்ணெய் பாட்டிலோடு வீட்டுக்கே வந்துவிடும். அன்பால் செய்வதுதான், குறை சொல்ல மாட்டேன். வைட்டமின் ஏ குறைவால் வருகிற மாலைக்கண்ணுக்கு அது சரி, குணமும் ஆகும். மரபணுப் பழுதால் செல்களே சாகிற இந்த நோய் வேறு. ஸ்டார்கார்ட் உள்ளவர்கள் வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லியே டாக்டர்கள் அறிவுறுத்துகிறார்கள், அது விழித்திரையில் சேரும் கழிவைக் கூட்டக்கூடும் என்பதால். கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

படம் சொல்வது

கண் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு நடக்கிற பரிசோதனைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். விழித்திரையில் எது மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பவை ஒரு வகை. மிச்சம் இருப்பதை வைத்து என்ன பார்க்க முடிகிறது என்று கேட்பவை இன்னொரு வகை.

முதல் வகையில் முதல் காரியம், கண்ணின் பாப்பா விரிய மருந்து விடுவது. விட்டுச் சில மணி நேரம் வெளிச்சம் கண்ணைக் கூசும், கிட்டத்தில் மங்கும். துணையில்லாமல் போக வேண்டாம், கூலிங் கிளாஸ் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு டாக்டர் விளக்கு அடித்து நேரடியாகப் பார்ப்பார். ஆர்.பி. முற்றியவர்களுக்கு விழித்திரையின் ஓரங்களில் எலும்புத் துணுக்குகள் சிதறியதுபோலக் கறுப்புத் திட்டுகள் தெரியும். நோயின் பெயரில் உள்ள பிக்மென்ட் அதுதான்.

அடுத்தது ஓ.சி.டி. 1991இல் அமெரிக்காவில் உருவான தொழில்நுட்பம். இன்றைக்குக் கண் மருத்துவத்தில் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஆகிவிட்டது. குளச்சல் பக்கம் விசைப்படகில் எக்கோ சவுண்டர் வைத்திருப்பவர்களுக்கு எளிதாகப் புரியும். அது ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கடலடி ஆழத்தைச் சொல்கிறது. இது ஒளியை அனுப்பி, விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்புகிற ஒளியை வைத்துக் குறுக்குவெட்டுப் படம் வரைகிறது. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ஓ.சி.டி. 5 மைக்ரான் அளவு நுணுக்கத்தையே பிரித்துக் காட்டும். ஊசி இல்லை, வலி இல்லை. "நாடியை இதுல வையுங்க அண்ணே, உள்ள ஒரு புள்ளி தெரியுதா, அதையே பாருங்க" என்று படம் எடுக்கிற பெண், முகவாயை வைக்கிற இடத்தைக் காட்டிச் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

படத்தைத் திரையில் காட்டியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஏதோ கிடந்தது. அண்ணன்தான் சட்டென்று, "இது பட்டை மாதிரில்லா இருக்கு" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணன் விளக்கினார். ரப்பர் மரத்தின் பட்டையில் வெளியே கெட்டியான மொரி. அதற்கு உள்ளே மெதுவான பட்டை. பால் ஓடுகிற குழாய்கள் அதிகமாக இருப்பது அந்த மெதுப்பட்டையில், தடியை ஒட்டி. கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஒரு இழை ஆழமாகப் போனால் தடியில் பட்டு மரம் காயப்பட்டுவிடும். நல்ல வெட்டுக்காரன் அந்த இழையை விரலாலேயே அறிவான். "பால் இருக்கப்பட்ட அடுக்கு இதுல எது டாக்டர்?" என்று கேட்டார்.

7 வருஷத்தில் நான் கேட்ட கேள்விகள் எதுவும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது. வெளிச்சம் வாங்கும் செல்களும் அதேபோல விழித்திரையின் அடியில், பின்சுவரை ஒட்டித்தான் இருக்கின்றன. டாக்டர் திரையில் பளிச்சென்று ஓடிய ஒரு மெல்லிய கோட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அந்தச் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் வரிசையாக அடுக்கியிருப்பதால்தான் அது அப்படிப் பிரகாசிக்கிறது என்று கருதுகிறார்கள். எலிப்சாய்டு சோன் என்று பெயர், ரிப்போர்ட்டில் ஈ.இசட். என்று சுருக்கிப் போடுவார்கள். கோடு இருக்கிற இடத்தில் செல்கள் உயிரோடு இருக்கின்றன. அண்ணனின் படத்தில் அது நடுவில் பளபளவென்று ஓடி, இரண்டு பக்கமும் மங்கி, அப்புறம் இல்லாமலே போய்விட்டது. வலது கண்ணில் அதன் நீளம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த 3 மில்லிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஓ.சி.டி.யை ஒவ்வொரு தடவையும் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆர்.பி. உள்ளவர்களில் சிலருக்கு மாக்குலாவில் நீர் கோத்து வீங்கும். இருக்கிற நடுப்பார்வையும் அதனால் மங்கும். அதற்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. இளம் வயதிலேயே கண்புரையும் வரலாம், அதை ஆபரேஷன் செய்யலாம். 'இதுக்கு மருந்தே இல்லியே, எதுக்கு வருஷா வருஷம் போகணும்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

தானே ஒளிர்கிற தன்மையைப் பிடிக்கிற இன்னொரு படமும் உண்டு, ஆட்டோஃப்ளோரசன்ஸ் என்பார்கள். விழித்திரைக்கு அடியில் உள்ள செல்களில் சேர்கிற லிப்போஃபுசின் என்ற கழிவு, நீல வெளிச்சம் பட்டால் மினுங்கும். சாயம் எதுவும் ஏற்ற வேண்டாம். ஆர்.பி.யில் பலருக்கு மாக்குலாவைச் சுற்றி ஒரு பிரகாசமான வளையம் தெரியும். வளையத்துக்கு உள்ளே ஓரளவு நல்ல இடம், வெளியே பழுது. வருஷத்துக்கு வருஷம் வளையம் சுருங்குகிறதா என்று ஒப்பிடுவார்கள். ஸ்டார்கார்டில் நடுவே இருண்ட திட்டும் சுற்றிலும் மினுங்கும் புள்ளிகளுமாக இருக்கும். அந்தப் பையனின் அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது அவர் அழுதுவிட்டார். மகன் சொன்னது பொய்யில்லை என்று ஒரு காகிதம் சொன்னதே, அதற்காக.

கண் என்ன சொல்கிறது

ஃபீல்டு டெஸ்ட் என்பது பார்வையின் பரப்பை அளப்பது. கிண்ணம் மாதிரி வெள்ளைக் குழிவுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்காவது வெளிச்சப்பொட்டு மின்னினால் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவருக்கு இடமிருந்து வலம் ஏறக்குறைய 180 டிகிரி தெரியும். அண்ணனுக்கு வலது கண்ணில் தெரிந்தது 10 டிகிரிக்குள்.

10 டிகிரி என்றால் எவ்வளவு? கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. இப்போது அந்த முஷ்டி அளவு துவாரத்தின் வழியாக மட்டும் வடசேரி பஸ் ஸ்டாண்டைப் பாருங்கள். பஸ்ஸின் போர்டைத் தெளிவாக வாசிக்கலாம், அதில் ஒரு குறையும் இருக்காது. குறுக்கே வருகிற ஆட்டோ தெரியாது, காலடியில் இருக்கிற பூக்கூடை தெரியாது, கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை கையை விட்டால் எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் இன்னொன்று தொலைந்துவிடும்.

சரி, அந்த 3 மில்லிமீட்டர். விழித்திரையில் ஒரு மில்லிமீட்டர் தூரம் பார்வையில் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. 3 மில்லிமீட்டர் என்றால் 10 டிகிரிதானே! ஓ.சி.டி. படத்தில் கோடு எங்கே முடிந்ததோ, ஏறக்குறைய அங்கேதான் பட்டனை அழுத்துகிற கையும் நின்றுபோயிருந்தது. ஒன்று மெஷின் எடுத்த படம், மற்றது ஒரு மனிதன் தன் கையால் சொன்ன பதில். இரண்டும் ஒரே எல்லையைக் காட்டியதை அன்றைக்குப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டனைச் சரியாக அழுத்தத் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம்கூட, படத்தை வைத்து ஓரளவு ஊகிக்க முடிவது இந்தப் பொருத்தத்தால்தான்.

ஆனால் எப்போதும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. 6 மாதம் கழித்து எடுத்த ஃபீல்டில் அண்ணனுக்குப் பரப்பு கூடியிருந்தது. வீடே சந்தோஷப்பட்டது. டாக்டர்தான் பைய விளக்கினார்: முந்தின தடவை அதிகாலை வேலை முடித்து, பஸ் மாறி மாறி வந்து, களைத்துப்போய் அழுத்தினார், இந்தத் தடவை நன்றாகத் தூங்கிவிட்டு வந்தார், கோடு அப்படியேதான் இருக்கிறது. ஆளின் தூக்கம், கவனம், பயம் எல்லாம் கலந்து வருகிற எண் அது. படத்துக்குத் தூக்கம் கிடையாது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஈ.ஆர்.ஜி. என்பது விழித்திரைக்கு எடுக்கிற ஈ.சி.ஜி. என்று வைத்துக்கொள்ளலாம். 20 நிமிஷம் கும்மிருட்டில் உட்காரவைத்து, குச்சி செல்கள் முழுதாக விழித்துக்கொண்ட பிறகு, மங்கலான மின்னல் வெளிச்சம் காட்டி, விழித்திரையில் எழுகிற மிகச் சிறிய மின்சாரத்தைப் பதிவார்கள். விழித்திரை மொத்தமும் சேர்ந்து தருகிற குரல் அது. நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் நன்றாக இருந்தால் அந்தக் குரலில் கேட்காது. ஆகவே 6/6 வாசிக்கிறவரின் ஈ.ஆர்.ஜி.யும் தட்டையான கோடாக வரலாம். அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது. நோய் உறுதியானதும் அன்றைக்குத்தான்.

ஃபீல்டு ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், லேமினேட் செய்தாலும் தப்பில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, எழுத்தை எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே போனால் அது பார்வையின்மை. 40 டிகிரிக்குக் கீழே 10 வரை குறை பார்வை. 'நல்லாத்தானே வாசிக்கீரு, உமக்கு எதுக்குச் சான்றிதழ்?' என்று யார் கேட்டாலும் வாதாட வேண்டாம், அந்தத் தாளை நீட்டினால் போதும்.

நடந்து காட்டுவது

இதுவரை சொன்ன எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, நாடியை வைத்து, அசையாமல் செய்கிற சோதனைகள். வாழ்க்கை அப்படி நடப்பதில்லை. ஒரே மாதிரி ஓ.சி.டி. உள்ள இரண்டு பேரில் ஒருவர் தன் வீட்டுக்குள் சட்டியும் பானையுமாகச் சர்வசாதாரணமாகப் புழங்குவார். இன்னொருவர் கல்யாண மண்டபத்தில் ஓர் அடி எடுத்துவைக்கப் பயப்படுவார். பழகிய இடமா, வெளிச்சம் எவ்வளவு, தரைக்கும் படிக்கும் நிற வித்தியாசம் உண்டா, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டதா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அன்றாடப் பார்வை.

இதை அளந்தே ஆக வேண்டிய கட்டாயம் மரபணுச் சிகிச்சையால் வந்தது. ஆர்.பி.இ.65 என்ற மரபணு பழுதாகி, குழந்தையிலிருந்தே பார்வை மிகக் குறைவாக இருக்கிறவர்களுக்காக ஒரு சிகிச்சை உருவானது. நல்ல மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி, விழித்திரைக்கு அடியில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். லக்ஸ்டர்னா என்று பெயர். அமெரிக்க அரசு 2017 டிசம்பரில் அனுமதித்தது. அது பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துப் பலகை போதாது. அதனால் ஒரு அறையில் தரையில் அம்புக்குறிகள் போட்டு, வழியில் தடைகள் வைத்து, நடக்கவிட்டார்கள். எத்தனை தடவை இடித்தார், எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு. வெளிச்சத்தை 400 லக்ஸிலிருந்து 1 லக்ஸ் வரை படிப்படியாகக் குறைத்தார்கள். 400 என்பது விளக்கெரிகிற அலுவலகம். 1 லக்ஸ் என்பது ராத்திரி விளக்கு மட்டும் எரிகிற அறை. (நம் முட்டம் கடற்கரையின் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் வரும்.) ஒரு வருஷத்தில், சிகிச்சை பெற்று முடித்த 20 பேரில் 13 பேர் அந்த 1 லக்ஸ் இருட்டிலும் வழியை நடந்து கடந்தார்கள். சிகிச்சை பெறாத குழுவில் ஒருவரும் கடக்கவில்லை. அதே ஆய்வில் எழுத்து வாசிப்பில் கிடைத்த வித்தியாசம், இது சிகிச்சையால்தான் என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பலகையை மட்டும் வைத்து அளந்திருந்தால் அந்த மருந்து தோற்றுப்போயிருக்கும்.

படத்தின் அவசியமும் இங்கேயே தெரிகிறது. செத்த செல்லில் நல்ல மரபணுவை ஏற்றிப் பயனில்லை. ஆகவே உயிருள்ள செல்கள் போதுமான அளவு மிச்சம் இருக்கிறதா என்று விழித்திரையின் கனத்தை ஓ.சி.டி.யில் அளந்துதான் ஆளைத் தேர்ந்தார்கள். இந்தச் சிகிச்சை அந்த ஒரு மரபணுவுக்கு மட்டும்தான். விழித்திரைப் பரம்பரை நோய்களுக்குக் காரணமாக அறியப்பட்ட மரபணுக்கள் 250க்கு மேல் உண்டு. விலையும் அறிமுகமானபோது இரண்டு கண்ணுக்கும் 8.5 லட்சம் டாலர். யாராவது ஊருக்குள் வந்து 'எல்லா ஆர்.பி.க்கும் ஒரே ஊசி, ஒரே சொட்டு மருந்து' என்று சொன்னால், தயவுசெய்து வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

நடக்கவிடுவதைத் தவிர, கேட்டே அறிகிற வழியும் உண்டு. பார்வை குறைந்த பள்ளிப் பிள்ளைகளுக்காக ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். பஸ் நம்பரை வாசிக்க முடிகிறதா, கீழே விழுந்த பென்சிலைக் கண்டுபிடிக்க முடிகிறதா, ராத்திரி தனியாக வீட்டுக்கு நடக்க முடிகிறதா, தடவாமல் நாணயத்தைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று நம் பிள்ளைகளின் நாளிலிருந்தே எடுத்த கேள்விகள். நல்ல கேள்விகள் என்று நான் நினைப்பதற்குக் காரணம், பதில் சொல்லும்போதே பிள்ளை தன் நாள் முழுவதையும் சொல்லிவிடும்.

அந்த மாதிரி ஒரு பட்டியலை நாங்களே அண்ணனுக்கு எழுதினோம். ஒரு வாரம், எங்கே இடித்தார், எந்த நேரம், வெளிச்சம் எப்படி என்று ஒரு 40 பக்க நோட்டில் மைனி குறித்து வந்தார். படித்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த உடனே பெரும்பாலான இடிகள். இடது பக்கத்தைவிட வலது பக்கம் அதிகம். பின்வாசல் படியில் மட்டும் ஒரே வாரத்தில் 5 தடவை. பின்வாசல் தரை சிவப்பு சிமென்ட், படியும் அதே சிவப்பு. படியின் விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். அடுத்த வாரம் நோட்டில் அந்தப் படி வரவே இல்லை. கட்டன் சாயாவைக் கறுப்பு மேஜையில் வைத்தால் தட்டிவிடுவார் என்பதால் மைனி ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் கொடுக்கத் தொடங்கினார். பத்மநாபபுரம் அரண்மனைக்குக் குடும்பத்தோடு போனபோது, உள்ளே இருட்டும் கறுத்த பளபளத் தரையும் உயர்ந்த வாசற்படிகளுமாக இருக்கும் என்று தெரிந்து, வாசலில் 10 நிமிஷம் நிழலில் நின்று கண்ணைப் பழக்கிவிட்டு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். இப்போது அவர் ரப்பர் வெட்டப் போவதில்லை. பகலில் ஷீட் அடிக்கிற ரோலரில் வேலை.

அந்த நோட்டை அடுத்த தடவை டாக்டரிடம் கொடுத்தோம். பக்கம் பக்கமாக வாசித்தார். வலது பக்கம் ஏன் அதிகம் இடிக்கிறது என்று அந்தக் கண்ணின் ஃபீல்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அப்புறம், "உங்க வீட்டில் வேற யாருக்காவது உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வோம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய் என்கிற வகையில், ஒரே ஒரு பழுதுப் பிரதி வைத்திருக்கிறவர்களுக்குக் கண் நன்றாகவே தெரியும். அப்படி இரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. வேறு வகைகளும் உண்டு. ஒரே ஒரு பழுதுப் பிரதியே நோயைக் கொடுக்கிற வகையில் வாய்ப்பு 2இல் 1. அம்மா வழியாக வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்குகிற வகையும் இருக்கிறது. எது எந்த வகை என்று மரபணுப் பரிசோதனை சொல்லும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கான பிரிவுகள் உண்டு. யார் மேலும் தப்பில்லை என்பதை மட்டும் அந்த நாளில் வீட்டில் உரக்கச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அம்மாக்கள் உள்ளுக்குள் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்கள்.

பரிசோதனைக்கு முன்னால் ஆலோசகர் ஒருவர் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்குள்ளே கறுப்பு. பெரியம்மாவும் பெரியப்பாவும் முறைச் சொந்தம் என்பதால் இரண்டு கோடுகள் மேலே போய் ஒன்றாகச் சேர்ந்தன. எல்லாச் சதுரமும் வட்டமும் வெள்ளையாக இருந்தன, அண்ணனைத் தவிர. பெரியம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாக்க அக்கா ஒருத்தி உண்டு" என்றார் திடீரென்று. "கல்யாணம் கழியல்ல. நல்லா பூ கட்டுவா, நூலும் கோப்பா. ஆனா வெளக்கு வச்சா முற்றத்துல எறங்கமாட்டா. சொவரைத் தடவித் தடவித்தான் அடுக்களைக்குப் போவா. பேய்க்குப் பேடின்னு சொல்லி நாங்க பிள்ளைகள் எல்லாம் களியாக்குவோம்."

ஆலோசகர் மேலே ஒரு புது வட்டம் வரைந்தார். அதற்குள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, "சுவரைத் தடவி நடந்தது எந்த வயசிலிருந்துன்னு ஞாபகம் இருக்கா அம்மா?" என்று கேட்டார்.